இரண்டாவது பட்டன்

என்னை இதுவரை எத்தனை பேர் சுட்டிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. ஆறு வருஷம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இருபது முப்பது தடவை என்று வைத்து நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுட்டவர்கள் எல்லாரும் போலீஸ்காரர்கள். சுட்டு முடித்ததும் "வரேண்ணே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

போலீஸ் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. காகிதத்தில் பதவியின் பெயர் 'பயிற்சி உதவியாளர், தற்காலிகம்'. வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை கூப்பிடுவது 'வில்லன்'. மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கிடங்கு. மாடியில் ஓர் அறை. அந்த அறையில் ஒரு மேஜை, கால் ஆடும் ஒரு நாற்காலி, நான்.

கீழே வாத்தியார் இருப்பார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டார் என்று பேச்சு. பயிற்சிக்கு வருகிறவர்களை அவர் படாதபாடு படுத்துவார். தண்டால் எடுக்க வைப்பார், மாடிப்படியில் ஆறு தடவை ஏறி இறங்க வைப்பார், ஐஸ் தண்ணீரில் கையை முக்கச் சொல்வார். ஒலிபெருக்கியில் ஒரு குழந்தை விடாமல் அழும், கண்ணாடி உடையும், விளக்கு அணைந்து அணைந்து எரியும். ஆள் மூச்சு வாங்கி, உயிர் தொண்டைக்கு வந்து நிற்கிற நேரம் பார்த்து என் அறைக்குள் அனுப்புவார். கதவு திறந்ததும் நான் பொம்மைத் துப்பாக்கியோடு வலது கையை நீட்டி, "கிட்ட வந்தா சுட்டுடுவேன்!" என்று கத்த வேண்டும். வந்தவர் இரண்டு செகண்டுக்குள் என் சட்டையின் இரண்டாவது பட்டனில் சாயக் குண்டு வைக்க வேண்டும். அதற்கு மேல் ஆனால் நான் அவரைச் சுட்டுவிட்டதாகக் கணக்கு, ஃபெயில்.

நீல நிறச் சாயம்தான். ஆனாலும் வலிக்கும். வாரத்துக்கு இரண்டு பட்டன் உடையும். என் மனைவி தையல் வேலை செய்கிறவள். வில்லன் சட்டைக்கு உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பட்டன் தைக்கும்போது, "ஊரெல்லாம் கணவனுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு நெனைக்குது. நான் அவங்க சுடுறதுக்கு வாகா பட்டன் தெச்சுக் குடுக்குறேன்" என்பாள்.

வாத்தியாருக்கு ஒரே ஒரு தத்துவம்தான். அதைத் தினமும் சொல்வார். "உசுருக்குப் பயம் வந்தா மூளை லீவு போட்டுட்டுப் போயிடும். அப்ப வேலைக்கு வர்றது கை மட்டும்தான். அதனால மூளைக்குச் சொல்லிக் குடுக்காதே, கைக்குச் சொல்லிக் குடு."

இதை நான் முழுசாக நம்பினேன். என் பயமே அதுதான். ஏனென்றால் ஆறு வருஷமாக இந்த ஊர்ப் போலீஸின் கைகள் பாடம் படித்தது என் மூஞ்சியை வைத்துத்தான்.

கடைத்தெருவில் எதிரே வரும் போலீஸ்காரர் என்னைப் பார்த்ததும் கையை இடுப்புக்குக் கொண்டுபோவார். ஒரு கணம்தான். அப்புறம் அசடு வழியச் சிரித்து, "அட, நீங்களா!" என்பார். முதல் வருஷம் நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் வருஷம் சிரிப்பு வரவில்லை. என்றைக்காவது ஒருநாள், நிஜமான கலவரத்தில், இவர்களுடைய மூளை லீவில் இருக்கும்போது நான் எதிரே நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மனு எழுதினேன். 'ஒரே முகத்தை வைத்துப் பயிற்சி கொடுப்பது அந்த முகத்துக்கு நல்லதல்ல. வேறு ஆட்களையும் சுழற்சி முறையில் வில்லனாக நிறுத்த வேண்டும்.' பதில் வந்தது: 'பரிசீலனையில் உள்ளது.' மறு வருஷமும் எழுதினேன். அதே பதில், தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சியை நிறுத்த ஒரு வாக்கியம் உண்டு. "பாடம் முடிஞ்சுது!" அதைக் கேட்டதும் விரலை விசையிலிருந்து எடுக்க வேண்டும், துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும், மேகசினைக் கழற்றிப் பையில் போட வேண்டும், சுவரைப் பார்த்துத் திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியாரின் திட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லும் அதிகாரம் இரண்டே பேருக்கு. ஒன்று வாத்தியார். இன்னொன்று, கண்ணில் சாயம் பட்டுவிட்டால் சொல்வதற்காக, நான்.

அந்தச் சமயத்தில் எங்களிடம் வந்தது ஆறு பேர் கொண்ட ஓர் அணி. ஐந்து பேர் ஆண்கள், நல்ல வேகம். ஆறாவது ஒரு பெண். அவளுக்கு அணி வைத்த பெயர் 'லேட்டு'. படியில் ஓடும்போது மூச்சு வாங்கிப் பின்தங்குவாள். அதை வாத்தியார் மன்னித்திருப்பார். ஆனால் கதவைத் திறந்ததும் நேராக என் முகத்தைப் பார்ப்பாள். யார், என்ன, கையில் இருப்பது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் சுடுவாள். மூன்று செகண்ட், மூன்றரை செகண்ட்.

"அங்க என்ன மாப்பிள்ளை பாக்கவா வந்திருக்கே? மூஞ்சியை எதுக்குப் பாக்குறே?" என்று வாத்தியார் கத்துவார்.

"யாருன்னு தெரிய வேணாமா சார்?"

"தெரிஞ்சுக்கறதுக்குள்ள நீ போய்ச் சேந்திருப்பே!"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவளை நான் அதுவரை ஐம்பது தடவையாவது சுட்டிருப்பேன்.

சம்பவம் நடந்தது ஒரு விடுமுறை நாளில், காலை பதினொரு மணிக்கு. என் மனைவிக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க இருவரும் மருந்துக்கடைக்குப் போயிருந்தோம். பெரிய கடை, நீளமான கண்ணாடி மேஜை, வாசல் கதவை ஒட்டி எடை பார்க்கும் இயந்திரம். மாத்திரையோடு எனக்கு ஓர் இருமல் மருந்தும் வாங்கி, பாட்டிலைக் கையில் வைத்து அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் போட்டிருந்தது சாதாரணச் சட்டை. பஞ்சு இல்லை.

எடை இயந்திரத்தின் பக்கம் நின்றிருந்த ஒருவன் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தான். முப்பது வயதிருக்கும், சவரம் செய்யாத முகம், கண் ரத்தச் சிவப்பு. "தூக்க மாத்திரை குடுங்க. சீட்டு இல்லாம குடுங்க. மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை" என்றான். தொழில் ரீதியாகச் சொன்னால், வில்லனாக அவன் தேறவே மாட்டான். துப்பாக்கியைப் பிடித்த விதம், நின்ற விதம் எதுவும் சரியில்லை. ஆனால் துப்பாக்கி நிஜம்.

மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் மாத்திரை தேடுவதுபோல் நடித்துக்கொண்டே இன்னொரு கையால் மேஜைக்கு அடியில் இருந்த மணியை அழுத்தியிருக்கிறார். காவல் நிலையம் அடுத்த தெருவில். அன்றைக்கு அங்கே பணியில் இருந்தது நம்ம ஆறு பேர் அணி. மூன்று நிமிஷத்தில் வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது.

இங்கேதான் நான் வெட்கப்பட வேண்டிய இடம் வருகிறது. ஆறு வருஷமாகப் போலீஸ்காரர்களின் கையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே, என் கையைப் பற்றி ஒரு நாளாவது யோசித்தேனா? பூட்ஸ் சத்தம் படியேறியது. கதவு படாரென்று திறந்தது. என் உடம்பு தானாகத் திரும்பியது. என் வலது கை தானாக நீண்டது. இருமல் மருந்து பாட்டிலை அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டி, கட்டிடம் அதிரும்படி நான் கத்தினேன்.

"கிட்ட வந்தா சுட்டுடுவேன்!"

ஐந்து துப்பாக்கிகள். ஐந்தும் என் இரண்டாவது பட்டனை நோக்கி. திறந்த கதவுக்குப் பின்னால் நிஜத் துப்பாக்கியோடு நின்றவனை ஒருவரும் பார்க்கவில்லை. இவ்வளவு அழகாக, இவ்வளவு சுத்தமாக அவர்கள் பயிற்சியில்கூட நின்றதில்லை. ஐந்து பேரின் கண்ணிலும் நான் இல்லை. எனக்கு இருப்பது இரண்டு செகண்ட் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியுமே. எதிரே நிற்பவனை இரண்டு செகண்டுக்குள் முடிக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

"ஏங்க!" என்று என் மனைவி அலறினாள். அந்தக் குரலில்தான் என் மூளை லீவை ரத்து செய்துவிட்டுத் திரும்பி வந்தது.

"பாடம் முடிஞ்சுது!" என்று கத்தினேன்.

விரல்கள் விசையை விட்டன. துப்பாக்கிகள் தாழ்ந்தன. டக், டக், டக் என்று ஐந்து மேகசின்கள் கழன்று பைக்குள் போயின. ஐந்து பேரும் திரும்பி, இருமல் மிட்டாய் விளம்பரம் ஒட்டிய சுவரைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்கள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உடனே மறுபடியும் போனது. ஏனென்றால் அந்தக் கடையில் இப்போது குண்டுள்ள துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை வைத்திருந்தவன் மூன்று வாரமாகத் தூங்காதவன்.

அவன் சுவரைப் பார்த்து நின்ற ஐந்து முதுகுகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நானும் அங்க போய் நிக்கணுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் படியில் இன்னொரு பூட்ஸ் சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள் லேட்டு. வாசலில் நின்றாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த பாட்டிலை, என் மனைவியை, ஐந்து முதுகுகளை. கடைசியாக, கதவுக்குப் பின்னால் நின்றவனை.

"அண்ணே, இவரு யாரு? புது வில்லனா?"

"இல்லம்மா. நிஜம்."

அவள் துப்பாக்கி அவன் பக்கம் திரும்பியது. குரலை உயர்த்தவில்லை. "அதைக் கீழ வைங்க. மெதுவா. உங்களுக்கு என்ன வேணும்னு அப்புறம் பேசலாம்" என்றாள். அவன் துப்பாக்கியை எடை இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். வண்டியில் ஏற்றும்போதே தூங்கிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள்.

விசாரணை நடந்தது. மேலதிகாரி, வாத்தியார், நான், ஒரு தட்டச்சர். கடையின் கேமராவில் பதிவானதைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். வாத்தியார் ஸ்டாப்வாட்சை அழுத்தி அழுத்திக் குறித்துக்கொண்டார். "ஒண்ணு புள்ளி அஞ்சுல அஞ்சு பேரும் குறி வெச்சிருக்காங்க சார்! அதுவும் அந்தக் களேபரத்துல!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"குறி வெச்சது என்னைங்க" என்றேன்.

"அது வேற விஷயம்" என்றார் மேலதிகாரி.

அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததால்தான் நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். தட்டச்சர் எழுதினார்: 'ஆறாவது காவலரின் தாமதத்தால் பாதிப்பு எதுவும் இல்லை.' ஐந்து பேருக்கும் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பயிற்சி வாக்கியத்தை அனுமதியின்றி மையத்துக்கு வெளியே பயன்படுத்தியதற்கு என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. லேட்டுக்கு நேரக் குறைபாடு மூன்றாவது தடவையாகப் பதிவானது. இரண்டு வாரத்தில் கடைசித் தேர்வு. அதிலும் தவறினால் அணியிலிருந்து எடுத்து ஆவண அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் மனு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பரிசீலனையில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். சீருடை இல்லாமல் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரிதான் இருந்தாள். என் மனைவி டீ கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

"நாலு வருஷமா மனு போட்டு இந்த அணிக்கு வந்தேண்ணே. வீட்ல, வெளியில எல்லாரும் வேணாம்னாங்க. இப்ப ஆவண அறைக்குப் போனேன்னா, நாங்கதான் அப்பவே சொன்னோமேன்னு சிரிப்பாங்க. எனக்கு ரெண்டே ரெண்டு செகண்டுக்குள்ள வரணும். நீங்கதான் சொல்லித் தரணும்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்கு மனசு தாங்கவில்லை. என் உயிரைக் காப்பாற்றியவள் முதல்முதலாக என்னிடம் ஒன்று கேட்கிறாள். இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லிக்கொடுத்தேன். எங்கள் குடியிருப்பின் மூன்று மாடிப் படியிலும் அவளை ஓடவிட்டேன். அடுப்படி வாசலில் நான் கரண்டியை நீட்டி நின்றேன். அவள் கையில் துணி மாட்டும் கிளிப். அதை அமுக்கினால் சுட்டதாகக் கணக்கு. பத்து தடவை, இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் அவள் கண் என் முகத்துக்கு வந்து, அங்கே ஒரு செகண்ட் தங்கி, அப்புறம்தான் கீழே இறங்கியது.

"முகத்தைப் பாக்காதம்மா" என்றேன். "முகத்தைப் பாத்தா அங்க ஒரு மனுஷன் தெரிவான். அவனுக்கு ஒரு வீடு, ஒரு பொண்டாட்டி எல்லாம் தெரியும். நேரம் போயிடும். நேரா ரெண்டாவது பட்டன். அங்க பட்டன் மட்டும்தான் இருக்கு."

"சரிண்ணே."

அவள் மறுபடி படியிறங்கிப் போனதும் என் மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "ஏங்க, நீங்க என்ன பண்றீங்கன்னு புரிஞ்சுதான் பண்றீங்களா?"

"உதவி பண்றேன்."

"ஊர்லயே உங்க மூஞ்சியைப் பாக்குற ஒரே போலீஸ் அவதான். அவளுக்கும் பாக்காதேன்னு சொல்லித் தர்றீங்களே!"

எனக்குச் சுரீரென்றது. ஆனால் அதற்குள் காலடிச் சத்தம் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. என் கை கரண்டியோடு தானாக நீண்டுவிட்டது. அடுத்த ஞாயிறும் வந்தாள். நடுவில் இரண்டு சாயங்காலமும் வந்தாள். நான் நிறுத்தவில்லை. அவள் தோற்பதை என்னால் பார்க்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான்.

தேர்வு நாள். கீழே குழந்தை அழுதது, கண்ணாடி உடைந்தது, விளக்கு அணைந்து எரிந்தது. நான் மாடியில், பஞ்சு வைத்த சட்டையில், மனைவி புதிதாகத் தைத்த பட்டனோடு நின்றேன். கதவு திறந்தது. கத்தினேன். 'சுட்டுடுவேன்' என்பதில் 'சுட்டு' வரைதான் வந்தது. நெஞ்சில் இடி மாதிரி ஒன்று விழுந்தது. பட்டன் தெறித்து மேஜைக்கு அடியில் ஓடியது.

"ஒண்ணு புள்ளி மூணு!" வாத்தியார் கீழிருந்து துள்ளினார். "அணியிலேயே இதான்டா முதல்!"

எல்லாரும் கைதட்டினார்கள். ஐந்து பேரும் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். 'லேட்டு' என்ற பெயரை அன்றே எடுத்துவிட்டார்கள். அவள் என்னிடம் ஓடி வந்து, "உங்களாலதாண்ணே!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, நெஞ்சு வலிக்க வலிக்கச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் கடைத்தெருவுக்குப் போனேன். இரண்டு கையிலும் பை. அந்தச் சம்பவத்திலிருந்து என் வலது கை வெறுமையாக வெளியே போகக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. கூட்டம் நெரிந்தது. யாரோ கண்ணாடிச் சாமான் ஒன்றைக் கீழே போட்டார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே அவள் வந்தாள், சீருடையில். நான் சிரித்தேன்.

அவள் கை இடுப்புக்குப் போனது. கண் என் சட்டையின் இரண்டாவது பட்டனில் வந்து நின்றது. நான் பைகளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். பழம் எல்லாம் தெருவில் உருண்டது.

அப்புறம்தான் கண் மேலே வந்தது. "அட, அண்ணே! நீங்களா!" என்று அசடு வழியச் சிரித்தாள். குனிந்து பழங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அண்ணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.